ஆள் நிற்காத தண்ணீர்

"நான் என்ன பசுமாடா, புல்லுல அவுத்து விடுததுக்கு?" என்றுதான் என் மனைவி முதலில் கேட்டாள்.

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த வாரம் அது. தினமும் நடக்க வேண்டும், நடக்காமல் உட்கார்ந்துவிட்டால் கால் அப்படியே இறுகிப்போகும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நடக்கச் சொல்லிவிட்டார், எங்கே நடப்பது? பாளையங்கோட்டைக்கு வெளியே, முன்பு உடைமரம் மண்டிக் கிடந்த பொட்டலில் மனை போட்டு உண்டாக்கிய தெரு எங்களுடையது. பாதித் தெருவுக்குத் தார், மீதிக்கு ஜல்லி. வீட்டுக்குள் நடக்கலாமென்றால் வழுக்குகிற டைல்ஸ். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள்தான், "வாசல்ல சும்மா கெடக்க எடத்துல புல்லு போட்டிருவோம். அம்மா வெறுங்காலோட நடக்கட்டும்" என்றாள். புல்லும் போட்டாள். அதற்குத் தானாகவே தண்ணீர் தெளிக்கிற ஏற்பாட்டையும் ஆள் வைத்துச் செய்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள்.

என் மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். காலமெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்றே தேய்ந்த முழங்கால் அது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சொன்ன சாக்குகளையெல்லாம் எங்கோ சேர்த்து வைத்திருந்தாள்போல, நடக்காமல் இருப்பதற்கு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பனி விழுகிறது. வெயில் ஏறிவிட்டது. நேற்று நடந்தது இன்னும் வலிக்கிறது. கெஞ்சி, கொஞ்சி, கடைசியில் நான் கோபப்படுகிற மாதிரி நடித்து, ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் புல்லை ஒரு முழுச் சுற்று. சுற்றுச்சுவரைக் கையால் பிடித்துக்கொண்டே வரலாம். சுற்று மட்டும் முழுசாக இருக்க வேண்டும்.

அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தெருப் பக்கத்துப் புல் காயத் தொடங்கும்வரை.

தெளிக்கிற ஏற்பாட்டை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புல்லுக்கு அடியில் குழாய். அங்கங்கே தரையோடு தரையாகப் புதைத்த தெளிப்பான்கள். தண்ணீர் வந்தால் ஆமை கழுத்தை நீட்டுகிற மாதிரி எழும்பி, சுற்றிச் சுற்றித் தெளிக்கும். நின்றால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். புல்லைத் தெருப் பாதி, வீட்டுப் பாதி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கொல்லையில் மோட்டார் இருக்கிற இடத்தில் ஒரு டைமர் பெட்டி. விடிகிற நேரத்துக்கு அது தானாக மோட்டாரைப் போட்டு முதலில் தெருப் பாதிக்கும், பிறகு வீட்டுப் பாதிக்கும் தண்ணீர் விட்டு, தானாகவே நிறுத்திவிடும். அந்த நேரத்தில் நான் உறக்கத்தில் இருப்பேன். பத்து மணிக்குக் கடை திறக்கிற ஜவுளி வியாபாரிக்கு அதிகாலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கடையை விட்டபிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

வீட்டுப் பாதி பச்சைப் பசேலென்று இருக்க, தெருப் பாதி சாயம் போன துணிமாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் என் மனைவி பாதிச் சுற்றில் நின்றாள். கால் விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது புல்லா, தேங்கா நாரா? குத்துது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் பாதிச் சுற்று. அதற்கு மறுநாள், "பாதிச் சுத்துக்காக எதுக்கு எறங்கி ஏறணும்?" புல் செத்தால் நடையும் சேர்ந்து போகும் என்று தெரிந்துவிட்டது. இனி அந்தப் புல்லைப் பிழைக்க வைப்பது என் பொறுப்பு.

பிளம்பரை வரவழைத்தேன். தங்கமான மனிதர். எதைக் காட்டினாலும் "அது அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி" என்பார். உடைந்தது, ஒழுகுவது, ஓடாதது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில். கேட்டவுடன் நமக்கு ஒரு நிம்மதி வரும். நோய் தீராது, ஆனால் பயம் தீரும்.

தெளிப்பான்களைத் திருகி எடுத்தோம். தெளிக்கிற மூக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் போர்த் தண்ணீர் அப்படி. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீடுதான், ஆனால் அதைப் புல்லுக்கு விட என் மனைவி ஒருநாளும் சம்மதிக்கமாட்டாள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க, சோறு பொங்க. வந்தவர்களுக்கு முதலில் ஒரு செம்பு கொடுத்து, "எப்படியிருக்கு?" என்று கேட்டுப் பெருமைப்பட. புல்லுக்கெல்லாம் போர்த் தண்ணீர் போதும்.

உப்படைத்த துளையை ஊசியால் குத்தப் போன என் கையைப் பிளம்பர் பிடித்துக்கொண்டார். "குத்துனா ஓட்ட பெருசாயிரும். பெறவு தண்ணி தெளிக்காது, ஊத்தும்." வினிகரில் ஊறப்போடச் சொன்னார். வீட்டில் வினிகர் ஏது? குத்துவிளக்குக்குப் போடுகிற பழம்புளி இருந்தது. ஒரு சட்டியில் புளியைக் கரைத்து, மூக்குகளை ஒரு ராத்திரி முழுக்க ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கார்த்திகைக்கு விளக்குத் தேய்த்த மாதிரி மின்னின. வடிகட்டியைக் கழற்றினால் ஒரு கைப்பிடி மணலும் ஒரு குட்டி நத்தையும். அதையும் கழுவினோம். ஒரு தெளிப்பான் மண்ணில் அமிழ்ந்து சாய்ந்து, புல்லை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. தோண்டி எடுத்து, அடியில் சரளைக்கல் போட்டு நிமிர்த்தினோம். மோட்டாரைப் போட்டால் எல்லாம் எழும்பி நின்று ஆனந்தமாகத் தெளிக்கிறது! பிளம்பரும் நானும் நனைந்துகொண்டே சிரித்தோம்.

ஒரு வாரம் கழிந்தும் தெருப் பாதி பச்சை காட்டவில்லை.

"அது அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. விடிய நேரத்துல கரண்டு கொஞ்சம் கொறையும்" என்றார் பிளம்பர்.

நாற்காலியில் இருந்து ஒரு குரல் வந்தது. "கரண்டு கொறஞ்சா வீட்டுப் பக்கமும்லா காயணும்? அதே மோட்டார்தான?"

பிளம்பர் தலையைச் சொறிந்தார். என் மனைவிக்கு நடக்கத்தான் பிடிக்காது. தப்பான கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அதைவிடப் பிடிக்காது. "எவ்வளவு தண்ணி விழுதுன்னு அளந்து பாக்காமலே ரெண்டு பேரும் பேசிட்டே இருக்கீங்க. உள்ள போயி எவர்சில்வர் டம்ளரெல்லாம் எடுத்துட்டு வாங்க."

எங்கள் கல்யாணச் சீரில் வந்த டம்ளர்கள் எல்லாம் புல்லுக்கு வந்தன. அவள் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி நீட்டிச் சொல்ல, நான் இடைவெளி விட்டு வரிசையாக வைத்தேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, புல்லுக்குக் காபி வைக்கீங்களா? சீனி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பகலில் மோட்டாரைப் போட்டு அளந்தோம். இரண்டு பாதியிலும் டம்ளருக்குள் ஒரே அளவு. அவற்றைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் அதே இடங்களில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் வீட்டுப் பாதி டம்ளர்களில் விரல் முங்குகிற தண்ணீர். தெருப் பாதி டம்ளர்களின் அடியில் நனைந்தும் நனையாத ஈரம் மட்டும்.

"பகல்ல வருது, காலைல வரல" என்றாள். "குழாய்ல கோளாறு இல்ல. காலைலதான் ஏதோ நடக்குது. போயிப் பாருங்க."

போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் விடிவதற்குள் எனக்கு முன்னால் எழுந்து முன்னறை ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கொல்லையில் மோட்டார் உறுமியது. தெருப் பாதியில் தெளிப்பான்கள் எழும்பின. நன்றாகச் சுற்றின. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது எதிர்வீட்டு அண்ணாச்சி நடைக்குக் கிளம்பி வெளியே வந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். தலையில் மப்ளர், கையில் டார்ச். எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். 'ச்சொ' என்று நாக்கைத் தட்டிக்கொண்டார். பிறகு பைய வந்து, கேட்டின் கம்பிக்கு ஊடே கையை விட்டார். தெருப் பாதிக் குழாய்க்கு, ரிப்பேர் நேரத்தில் அடைப்பதற்கென்று அங்கன ஒரு கை வால்வு வைத்திருந்தார்கள். அதைச் சத்தமில்லாமல் திருகி அடைத்தார். தெளிப்பான்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. அண்ணாச்சி ஈரக் கையை மப்ளரில் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது.

நாங்கள் நகரவில்லை. வெளிச்சம் வந்து, காக்காய்கள் கத்த ஆரம்பித்தபிறகு அண்ணாச்சி திரும்பி வந்தார். அதே இடத்தில் நின்று, அதே கம்பிக்குள் கையை விட்டு, வால்வைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். அதற்குள் டைமர் நின்றிருந்தது. நான் எழுந்து வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதன் மர்மம் அதுதான்.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். "அண்ணாச்சி! ஒரு நிமிஷம்."

"அடடே, முழிச்சிட்டீரா? நான் சத்தங் காட்டாமத்தான போறேன்."

"அந்த வால்வ..."

"அதா? நீரு தெனமும் மறந்து போறீரு வே. ராத்திரி அடைக்காமப் படுத்திருதீரு. டீச்சருக்கும் கால் இப்படி இருக்கு, பெல்லடிச்சு எழுப்புனா சங்கடப்படுவீங்கன்னு நானே அடச்சிட்டுப் போவேன்."

"பொறவு திறந்தும் வைக்கீங்களே?"

"பின்ன? நீரு எந்திரிச்சு வந்து, தண்ணி வரலியேன்னு தேடப்பிடாதுல்லா. வச்சது வச்ச மாதிரி இருக்கணும்."

இத்தனை மரியாதையாக ஒரு புல்தரையை யாரும் கொன்றிருக்க முடியாது. உள்ளே கூட்டி வந்து காபி கொடுத்து, டைமர் பெட்டியைக் காட்டி விளக்கினேன். தானாக வரும், தானாக நிற்கும்.

"தானா நிக்குமா?"

"நிக்கும்."

"ஒருநாள் நிக்கலன்னா?"

நான் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

"எங்க ஊர்ல தண்ணி பாச்சுதவன் மம்பட்டியோட வரப்புலயே நிப்பான்" என்றார் அண்ணாச்சி. "அவன் அந்தால எங்கயாவது போயிட்டான்னா, பக்கத்து வயக்காரன் மடைய அடச்சு வச்சிட்டு அவனத் தேடிப் போவான். அது சண்டையில்ல வே, உதவி. ஆளில்லாமத் தண்ணி ஓடுனா பாத்தவன் அடைக்கணும். பாத்துட்டும் அடைக்காமப் போனவன ஊர் பேசும்." காபியைக் குடித்து முடித்து, "சரி, இனிமே தொடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுக்கும்போது முகம் வாடியிருந்தது.

மறுநாள் காலை நிம்மதியாக உறங்கி எழுந்து வந்தால், வால்வு இறுக்கி அடைத்துக் கிடந்தது. இந்தமுறை திறந்து வைக்கவும் ஆள் இல்லை. அடைத்தது யாரென்று என் மனைவி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டாள். பால் கொண்டு வருகிற அக்கா.

"நெதமும் எதுத்த வீட்டு அண்ணாச்சிதான் அடப்பாக" என்றாள் அந்த அக்கா. "இன்னைக்கு நின்னு பாத்துட்டுச் சும்மா போறாக. கண்ணு கிண்ணு மங்கிட்டோ என்னமோ, பாவம்னு நான் அடச்சேன். தண்ணிக்கு வாயிருந்தா அழுதுருக்கும் டீச்சரம்மா!"

அக்காவுக்கும் விளக்கினோம். அதற்கு மறுநாள் பேப்பர் போடுகிறவர், சைக்கிளில் இருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றி எட்டி அடைத்தார். அண்ணாச்சி அடைத்துக்கொண்டிருந்தவரை மற்றவர்களுக்கு வேலையில்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். தெருவே என் தண்ணீருக்குக் காவல் இருந்திருக்கிறது. கடையில் முப்பது வருஷம் துணிக்குக் காவல் இருந்தவன் நான். இப்படியொரு காவல் எனக்குக் கிடைத்ததில்லை.

நேரத்தை மாற்றலாமா என்று யோசித்தேன். ஏழு மணிக்கு மாற்றினால் அடைப்பதற்கு இன்னும் நாலு பேர் கூடுவார்கள். உச்சியில் விட்டால் வெயில் குடித்துவிடும். ராத்திரி விட்டால் ஈரம் நின்று புல் அழுகிவிடும். பிளம்பர், வால்வைக் கைக்கு எட்டாமல் மாற்றித் தருகிறேன் என்றார்.

"எட்டலன்னா பெல்லடிச்சு எழுப்புவாங்க" என்றாள் என் மனைவி.

"போர்டு எழுதி வைப்போமா?"

"நின்னு வாசிச்சிட்டு அடப்பாங்க. ஆள் நிக்கணும். அதான் வழி."

சரி, நானே நிற்கிறேன் என்று சொன்னேன். மறுநாள் அதிகாலை நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நேரே புல்லோரம் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வந்தார். "என்ன வே, தண்ணி பாச்சுதீரா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. பேச்சு அங்கேயிருந்து அவர் ஊர்க் கடனா நதிக்குப் போனது, நதியிலிருந்து அவர் மச்சான் வாங்கின டிராக்டருக்குப் போனது. டிராக்டர் கதையைப் பாதியில் விட மனமில்லாமல் நானும் அவரோடு தெருமுக்குவரை நடந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வால்வு அடைத்திருந்தது. பால்கார அக்கா குற்றமில்லாத முகத்தோடு என்னைப் பார்த்து, "நாக்காலிதான் இருந்துச்சு, ஆளக் காணுமே" என்றாள்.

"ஒங்கள நம்பி ஒரு சொட்டுத் தண்ணி விட முடியாது" என்றாள் என் மனைவி.

மறுநாள் அவளே இறங்கினாள். தெருப் பாதியில் தண்ணீர் சுற்ற, வீட்டுப் பாதியின் இன்னும் நனையாத புல்லில் நின்றாள். நின்றால்தான் அவளுக்கு முழங்கால் வலிக்குமே. அவ்வளவு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தால் தெருவில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தலை தெரியாது, சுவர் மறைக்கும். அதனால் நடந்தாள். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடி, இந்தக் கோடி. அண்ணாச்சி, "தண்ணி பாச்சுதீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பால்கார அக்கா, "நல்லாப் பாயட்டும்" என்றாள். பேப்பர்காரர் மணியடித்துவிட்டுப் போனார். ஒருவர் கையும் கம்பிக்குள் வரவில்லை. தெருப் பாதி அன்றைக்குத்தான் வயிறு நிறையக் குடித்தது.

அதன்பிறகு அது அவள் வேலையாகிவிட்டது. நடக்கப் போகிறேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். "தண்ணி பாச்சப் போறேன்" என்றுதான் சொல்வாள். பனி விழுந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்குவாள். மகள் போனில், "அம்மா, ஒழுங்கா நடக்கியா?" என்று கேட்டால், "எனக்கு எங்க நடக்க நேரம் இருக்கு? விடிஞ்சா தண்ணி பாச்சணும்" என்று அலுத்துக்கொள்வாள். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன். தெருப் பாதியில் முதலில் வேரோரம் ஒரு பச்சை ஓடியது. பிறகு நுனிவரைக்கும் ஏறியது. ஒரு சாயங்காலம் அவளாகவே பாதிச் சுற்றைத் தாண்டிப் போய், குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி முழுச் சுற்றும் வந்து சேர்ந்தாள். நான் பார்க்காத மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். பார்க்கிறேன் என்று தெரிந்தால் நின்றுவிடுவாளோ என்று பயம்.

போன வாரம் ஒருநாள். முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அசதியில் இருவருமே உறங்கிவிட்டோம். மோட்டார் ஓடிய சத்தம்கூடக் காதில் விழவில்லை. தெருவில் இருந்து ஒரு குரல்தான் எழுப்பியது.

"டீச்சர்! தண்ணி வந்துட்டு, ஆளக் காணுமே!" அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பால்கார அக்கா, கையை ஏற்கெனவே கம்பிக்கு நேரே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

என் மனைவி கண்ணைக்கூடக் கழுவவில்லை. கதவைத் திறந்து படியில் இறங்கினாள். சுவரோரம் போகவில்லை. புல்லின் நட்டநடுவில், எதையும் பிடிக்காமல், கையை வீசிக்கொண்டு நேராக நடந்தாள். பதறிப்போய் நான் பின்னால் இரண்டு எட்டு எடுத்து வைத்தேன். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே போனாள். "ஏ அக்கா, கைய எடுங்க! அடச்சிறாதீங்க!"